திருப்பிச் சொல்லிக் கேட்டவர்

முதலில் எனக்கு அவருடைய குரல்தான் தெரியும். வேலைக்கு ஆள் தேவை என்று மார்த்தாண்டத்தில் ஒட்டியிருந்த நோட்டீசைப் பார்த்து ஃபோன் செய்திருந்தார். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு வாருங்கள், மேம்பாலம் முடிகிற இடத்தில் ஒரு பாத்திரக் கடை, அதற்கு மேல் மாடி என்று வழி சொன்னேன். அதோடு வைத்துவிடுவார் என்று நினைத்தேன்.

“செவ்வாய் காலத்த பத்து மணி. பாலம் தீருத எடத்துல பாத்திரக் கடை, அதுக்க மேல மாடி. சரியா தம்பி?”

“சரி” என்று நான் சொன்ன பிறகே வைத்தார்.

சவூதியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் பதினோரு வருடம் நர்ஸாக இருந்து, இடுப்பு வலியோடு ஊர் திரும்பியவர். வயது நாற்பத்தைந்து இருக்கும். வாடிக்கையாளர்களின் ஃபோனை எடுத்துப் பேசுவதற்காகத்தான் அவரைச் சேர்த்தேன். நான் அவரை அக்கா என்றேன். மொத்தம் ஆறு பேர் இருந்த எங்கள் ஆபீஸ் முழுவதும் இரண்டே நாளில் அக்கா என்றது. அவர் பெயரை நான் ஒருமுறை சொல்லக்கூடாத விதத்தில் சொல்லியிருக்கிறேன். இங்கே சொல்லப்போவதில்லை.

எங்கள் தொழில் இதுதான். வெளிநாட்டில் இருப்பவர்கள் ஊரில் பெரிய வீடு கட்டிவிடுவார்கள். வீட்டில் அம்மாவோ அப்பாவோ மட்டும் இருப்பார்கள், அல்லது யாரும் இருக்கமாட்டார்கள். அந்த வீட்டின் விளக்கு, மோட்டார், கேட், கதவுப் பூட்டு, கேஸ் வால்வு எல்லாவற்றையும் இணையத்தோடு இணைத்துக் கொடுப்போம். முன்பு அவர்கள் ஃபோனில் ஒவ்வொன்றுக்கும் பொத்தானை அழுத்த வேண்டியிருந்தது. பிறகு ஏ.ஐ. ஏஜெண்ட் வந்தது. வாயால் சொன்னால் போதும். சொன்னதிலிருந்து என்ன செய்ய வேண்டும் என்று அதுவே யோசித்து ஒவ்வொரு கருவியாக இயக்கும். ஆரம்பத்தில் பலருக்கு இது புரியவில்லை. “ஏஜெண்ட் எப்ப வருவாரு, சாயா போட்டு வைக்கட்டா?” என்று ஒரு அம்மா கேட்டார். அவருக்கு அக்காதான் பொறுமையாக விளக்கினார்.

அக்காவிடம் டீ வாங்கச் சொன்னால்கூட, “நாலு சாயா, ஒண்ணு சீனி இல்லாம. சரியா?” என்பார். நாம் சரி என்று சொல்லாமல் இடத்தை விட்டு நகரமாட்டார். ஆபீசில் எல்லோரும் அவர் மாதிரிப் பேசிக் காட்டிச் சிரிப்பார்கள். அவரும் கூடச் சிரிப்பார்.

ஒருநாள் கேட்டேன். “எதுக்குக்கா எல்லாத்தையும் திருப்பிச் சொல்லுதிய?”

“டாக்டர் ராத்திரி ஃபோன்ல மருந்து சொல்லுவாரு தம்பி. ஃபிஃப்டீனா ஃபிஃப்டியான்னு காதுல வித்தியாசம் தெரியாது. நாங்க எழுதி, திருப்பிப் படிச்சுக் காட்டணும். அவரு ஆமான்னு சொன்ன பொறவுதான் ஊசியைத் தொடணும். அது பழகிப்போச்சு.”

இதில் எனக்கு ஒரு சங்கடமும் இருந்தது. நாம் சொன்ன வார்த்தை அவர் வாயிலிருந்து திரும்பி வரும்போது வேறு மாதிரிக் கேட்கும். ஒருமுறை எங்கள் எலக்ட்ரீஷியன் ஒருவன் சொல்லாமல் லீவு போட்டுவிட்டான். எனக்கு வந்த கோபத்தில், “அவனை இனி வரவேண்டாம்னு சொல்லிருங்க” என்றேன்.

அக்கா ஃபோனைக் கையில் எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். “நாளை முதல் அவன் வேலைக்கு வராண்டாம். சரியா?”

அவர் குரலில் எதுவும் இல்லை. கேலியோ கண்டிப்போ இல்லை. நான் சொன்னதை மட்டும்தான் சொன்னார். எனக்கு அவன் மனைவியின் முகம் ஞாபகம் வந்தது. “இல்ல, விடுங்க” என்றேன். அந்த எலக்ட்ரீஷியன் இன்றும் என்னிடம்தான் இருக்கிறான்.

அஞ்சுகிராமத்து வீட்டு விஷயம் நடந்த பிறகுதான் அக்காவின் வேலை மாறியது. அந்த வீட்டுக்காரர் மஸ்கட்டில் இருந்தார். அப்பாவும் அம்மாவும் கல்யாணத்துக்குப் போயிருந்த இரண்டு நாளில், “வீட்டுல எல்லாத்தையும் ஆஃப் பண்ணிரு” என்று ஏஜெண்டிடம் சொல்லியிருக்கிறார். அது எல்லாவற்றையும் அணைத்துவிட்டது. ஃபிரிட்ஜையும் சேர்த்து. அதற்குள் அப்பாவின் இன்சுலின் இருந்தது. திரும்பி வந்த பெரியவர் ஊசி போட்டுக்கொள்ளப் போகும் நேரத்தில், ஃபிரிட்ஜில் தண்ணீர் ஒழுகுகிறது என்று அந்த அம்மா எங்கள் ஆபீசுக்கு ஃபோன் செய்தார். எடுத்தது அக்கா. வேறு யார் எடுத்திருந்தாலும் ஃபிரிட்ஜை எப்படிப் போடுவது என்றுதான் சொல்லியிருப்போம். அக்கா முதலில் உள்ளே என்னென்ன இருந்தது என்று கேட்டார். அந்த மருந்தைத் தொடவேண்டாம், புதியது வாங்குங்கள் என்று சொல்லி, அதை அந்த அம்மா வாயால் திருப்பிச் சொல்லவும் வைத்தார்.

ஃபோனை வைத்துவிட்டு என் மேஜைக்கு வந்தார்.

“எல்லாம்னா எதெல்லாம்னு அது ஏன் தம்பி கேக்கல்ல?”

“கேக்கணும்னு நாம சொல்லிக் குடுக்கல்லக்கா.”

“அப்ப குடுக்கணும்லா.”

அன்று நான் அவரிடம் ஏஜெண்டின் விதிகளைக் காட்டினேன். அதற்கு எதைச் செய்யலாம், எதைக் கேட்டுச் செய்ய வேண்டும், எதைச் செய்யவே கூடாது என்று சாதாரண வாக்கியங்களில் எழுதிக் கொடுத்தால் அதைப் படித்து அதன்படி நடக்கும். நாங்கள் எழுதி வைத்திருந்தது எட்டே வரி. அக்கா அதை வீட்டுக்கு எடுத்துப்போய் ஒரு வாரத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டு வந்தார். மூன்று பிரிவு. விளக்கு, மின்விசிறி மாதிரியானவற்றைச் செய்துவிட்டுச் சொல்லலாம். மோட்டார், ஃபிரிட்ஜ், வாட்டர் ஹீட்டர் மாதிரியானவற்றை, என்ன செய்யப்போகிறேன் என்று திருப்பிச் சொல்லி, ஆமாம் என்ற பதில் வந்த பிறகே செய்ய வேண்டும். மூன்றாவது பிரிவில் பூட்டு, கேட், கேஸ். இவற்றுக்கு வெளிநாட்டில் இருந்து உத்தரவு போட்டவரின் ஆமாம் போதாது. வீட்டுக்குள் இருக்கும் ஸ்பீக்கரிலும் வீட்டு ஆளின் ஃபோனிலும் ஏஜெண்ட் கேட்க வேண்டும். வீட்டிலிருந்து ஒரு மனிதக் குரல் பதில் சொல்ல வேண்டும். வீட்டில் ஆளே இல்லை என்றால் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். பதில் இல்லையென்றால் செய்யக் கூடாது.

“வீட்டுக்காரரே சொல்லும்போது பின்ன யாருகிட்ட கேக்கணும்?” என்றேன்.

“சீட்டுல எழுதுகது டாக்டரு. மருந்து உள்ள போவது கட்டில்ல கெடக்கவனுக்கு. கட்டில்ல கெடக்கவன்கிட்டயும் பேரைக் கேட்டுட்டுதான் நாங்க குடுப்போம்.”

இன்னொன்றும் சொன்னார். மூன்றாவது பிரிவை ஏஜெண்டுக்குச் சொல்லி வைத்தால் மட்டும் போதாது, பதில் வராமல் பூட்டே அசையாதபடி செய்ய வேண்டும் என்றார். ஏஜெண்ட் நன்றாகத்தான் கேட்டு நடக்கிறது, எதற்கு இரட்டை வேலை என்றேன்.

“மருந்து அலமாரியைப் பூட்டி வச்சிருக்குகது நர்ஸ் மேல சந்தேகத்துல இல்ல தம்பி. நல்ல நர்ஸுக்கும் ஒரு நாளு தூக்கம் வரும்.”

அப்படியே செய்தோம். விதிகளின் மேலே, “இதற்குப் பொறுப்பு” என்று போட்டுத் தன் பெயரையும் எழுதச் சொன்னார். எழுதுபவர் பெயர் இல்லாத மருந்துச் சார்ட்டை யாரும் ஒழுங்காக எழுத மாட்டார்கள் என்பது அவருடைய நம்பிக்கை. ஏறக்குறைய ஒரு வருடம் எந்தப் புகாரும் இல்லை. சரியாகச் சொன்னால், ஒரே புகார்தான் திரும்பத் திரும்ப வந்தது. ஏஜெண்ட் நிறையக் கேள்வி கேட்கிறது.

அதிகம் சலித்துக்கொண்டவர் கருங்கல் என்ற ஊரில் வீடு வைத்திருந்தவர். தோஹாவில் நல்ல வேலையில் இருந்தார். கருங்கல் வீட்டில் அவருடைய அம்மா மட்டும். எழுபது வயது இருக்கும், நல்ல திடகாத்திரம். அந்த அம்மாவுக்கு ஃபோனை எடுக்கிற பழக்கமே கிடையாது. சார்ஜில் போட்டுவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விடுவார், சபையில் கூட்டம் என்றால் வீட்டைத் திறந்து போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார். மகன் தோஹாவிலிருந்து பூட்டச் சொன்னால், வீட்டில் பதில் இல்லை, பூட்டவில்லை என்று ஏஜெண்ட் சொல்லும்.

“எனக்க வீட்டை எனக்குப் பூட்ட ஒக்காதா?” என்று அவர் என்னிடம் கத்தினார். “இது என்ன, பள்ளிக்கூடமா? இந்தக் கேள்வியை எடுத்துவிடும். எனக்க கூட்டுக்காரங்க பன்னிரண்டு பேரு உம்மகிட்ட வைக்கணும்னு நிக்காங்க. இப்படின்னா நான் அவங்ககிட்ட வேண்டாம்னு சொல்லிருவேன்.”

அக்காவிடம் இதைச் சொன்னேன். அந்த வீட்டுக்கு இன்னும் பக்கத்து வீட்டு எண் எதுவும் கொடுக்கவில்லை, அங்கே இருக்கும் பெண்ணின் எண்ணைச் சேர்ப்போம், அம்மா எடுக்காவிட்டால் அவர் எட்டிப் பார்த்துச் சொல்லட்டும் என்றார். நல்ல யோசனைதான். அதை மகனிடம் சொன்னபோது, என் வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் கொடுக்கவா இவ்வளவு செலவு செய்தேன் என்றார்.

அன்று மதியம் அக்கா சாப்பிடப் போயிருந்த நேரத்தில், கருங்கல் வீட்டுக்கு மட்டும் மூன்றாவது பிரிவை எடுத்துவிட்டேன். ஹாலில் இருக்கும் கேமராவில் ஆள் தெரியாவிட்டால் பூட்டலாம் என்று மாற்றினேன். கை தவறி நடந்தது என்று சொல்ல எனக்கு வழியில்லை. ஏஜெண்டின் விதியில் ஒருமுறை, பூட்டின் அமைப்பில் ஒருமுறை என்று இரண்டு இடத்தில் எடுக்க வேண்டியிருந்தது. இரண்டிலும் எடுத்தேன். அக்காவிடம் சொல்லவில்லை. மேலே அவர் பெயர் அப்படியே இருந்தது.

ஐந்து வாரம் ஒன்றும் நடக்கவில்லை. பன்னிரண்டில் நான்கு வீடுகள் எங்களிடம் வந்தன.

மாசி மாதம் அது. கருங்கல் அம்மா காலையில் நல்லமிளகு காயப்போட மொட்டை மாடிக்குப் போயிருக்கிறார். ஃபோன் வழக்கம்போல் கீழே. தோஹாவில் மகன் கேமராவைப் பார்த்திருக்கிறார். ஹாலில் யாரும் இல்லை. அம்மா சபைக் கூட்டத்துக்குப் போயிருப்பார் என்று நினைத்து, “வீட்டைப் பூட்டிரு” என்று சொல்லிவிட்டு அவர் ஒரு மீட்டிங்குக்குப் போய்விட்டார். ஏஜெண்ட் முன் கதவு, பின் கதவு, மொட்டை மாடிக் கதவு மூன்றையும் பூட்டியது. மாடிக் கதவுக்கு வெளிப்பக்கம் கைப்பிடி மட்டும்தான்.

பதினொரு மணியிலிருந்து அந்த அம்மா வெயிலில் நின்றிருக்கிறார். கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார். பெரிய மதில், பெரிய வீடு, யாருக்கும் கேட்கவில்லை. மூன்று மணிக்குமேல் தாங்க முடியாமல், கைப்பிடிச் சுவரைத் தாண்டிச் சன்ஷேடில் கால் வைத்து, கார் நிற்கும் இடத்தின் கூரைக்கு இறங்கப் பார்த்தார். கால் வழுக்கிக் கூரையில் விழுந்தார். சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுப் பெண் ஓடிவந்து ஆள்களைக் கூப்பிட்டு ஏணி வைத்து இறக்கினாள். இடுப்பெலும்பு முறிந்திருந்தது.

மாலையில் மகன் ஆபீசுக்கு ஃபோன் செய்தார். நான் எடுத்தேன். அவர் அழுதுகொண்டே பேசினார். அம்மை வீட்டில் இருக்கும்போது அது எப்படிப் பூட்டியது, யார் இந்த ரூலை எழுதியது என்று கேட்டார். கேள்விகளை எடுக்கச் சொன்னதே அவர்தான் என்பது அப்போது அவருக்கு ஞாபகத்தில் இல்லை. இருந்தாலும் அதை அந்த நேரத்தில் ஒரு மகனிடம் சொல்ல முடியாது. ஆனால் கேள்வியை நீக்கியது நான்தான் என்று சொல்லியிருக்கலாம். எனக்கு அந்த நான்கு வீடுகளும் ஞாபகம் வந்தன. போலீஸ் ஞாபகம் வந்தது.

“ரூல் எல்லாம் எழுதுகது ஒரு அக்கா. அவங்ககிட்ட விசாரிச்சுட்டுச் சொல்லுதேன்” என்றேன். பெயரையும் சொன்னேன்.

அடுத்த பத்து நிமிடத்தில் அவர் அக்காவின் எண்ணுக்கே கூப்பிட்டார். நான் என் அறையின் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா முழுவதையும் கேட்டார். முகம் மெல்ல வெளுத்தது. கடைசியில், “அம்மைக்கு இப்ப நினைவு உண்டா? எந்த ஆஸ்பத்திரி?” என்று கேட்டார். ஃபோனை வைத்துவிட்டு கம்ப்யூட்டரில் கருங்கல் வீட்டின் விதிகளைத் திறந்து பார்த்தார். பிறகு எழுந்து என்னிடம் வந்தார்.

“கருங்கல் வீட்டுக்கு மூணாவது பிரிவு இல்ல. பூட்டுலயும் எடுத்திருக்கு. நான் எடுக்கல்ல. சரியா தம்பி?”

நான் சரி என்று சொல்வதற்காக நின்றார். நான் மேஜையிலிருந்த ஏதோ காகிதத்தைப் பார்த்தேன். “பாப்போம்க்கா. இப்ப எல்லாரும் டென்ஷன்ல இருக்கோம்” என்றேன்.

அவர் இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். தன் இடத்துக்குப் போய், டிபன் டப்பாவைப் பையில் வைத்துக்கொண்டு இறங்கிப்போனார். மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாள், வேலையை விடுவதாக ஒரு வரி செய்தி வந்தது. ரூல் எழுதியவரை நீக்கிவிட்டோம் என்று மகனிடம் நான் சொல்லவில்லை. அவராக அப்படி நினைத்துக்கொண்டார். நான் மறுக்கவில்லை. போலீஸ் வரவில்லை. அந்த நான்கு வீடுகளும் போகவில்லை.

கருங்கல் வீட்டுக்கு மூன்றாவது பிரிவைத் திரும்ப வைத்தேன். மேலே அக்காவின் பெயரை எடுத்துவிட்டு என் பெயரைப் போட்டேன். அதனால் யாருக்கும் எந்தப் பிரயோஜனமும் இல்லை என்பது தெரிந்தே செய்தேன்.

இரண்டு வருடம் கழித்துத்தான் கருங்கலுக்குப் போகத் துணிந்தேன். பழைய கருவிகளை மாற்ற ஆள் அனுப்ப வேண்டியிருந்தது. நானே போனேன். அந்த அம்மா நான்கு கால் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு வந்து கதவைத் திறந்தார். வேலை முடிந்ததும் உட்காரச் சொன்னார். உட்கார்ந்து, நடந்ததைச் சொன்னேன். எந்தக் கேள்வியை எடுத்தேன், யார் பெயரைச் சொன்னேன் என்று சொன்னேன். மகன் சொல்லித்தான் எடுத்தேன் என்பதைச் சேர்க்கவா வேண்டாமா என்று வழியெல்லாம் யோசித்திருந்தேன். சேர்க்கவில்லை.

அந்த அம்மா ஊன்றுகோலின் ரப்பர் பிடியைத் தடவிக்கொண்டே இருந்தார்.

“அந்தப் பெண்ணு ஆஸ்பத்திரிக்கு வந்தா மக்கா” என்றார் பிறகு. “மவனுக்கு லீவு கெடைக்கல்ல. பத்து நாளு அவதான் கூட இருந்தா. எனக்குத் துடைச்சு விடுகதும் சேலை மாத்துகதும் எல்லாம் அவதான். நர்ஸுன்னு சொன்னா.”

எனக்கு இது தெரியாது.

“நான்தான் அந்த ஆபீசுல ரூல் எழுதினவள்னு வந்த அன்னைக்கே சொல்லிட்டா. அந்தப் பத்து நாளும் நான் அவளை ஏசிட்டே கெடந்தேன். எனக்க இடுப்பை ஒடிச்சுப்போட்டு இப்ப துடைக்க வந்தியாட்டீன்னு கேட்டேன். வாயில வந்ததெல்லாம் சொன்னேன். நான் எடுக்கல்லன்னு ஒரு வார்த்தை அவ சொல்லல்லியே.”

அவருடைய கண்கள் நிறைந்துவிட்டன. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

“அவ நம்பர் உண்டா உன்கிட்ட? போட்டுத் தா.”

எண் இருந்தது. அக்கா இப்போது திருவனந்தபுரம் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். இரண்டு வருடத்தில் எத்தனையோ தடவை அந்த எண்ணை எடுத்து வைத்துப் பார்த்திருக்கிறேன். போட்டேன். மணி அடித்தது. அந்தப் பக்கம் எடுக்கும் சத்தம் கேட்பதற்குள் அந்த அம்மா ஃபோனை வாங்கிக்கொண்டு, ஒரு கையால் ஊன்றுகோலைத் தள்ளித் தள்ளி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது. உள்ளே அந்த அம்மாவின் குரல் மட்டும் தாழ்ந்தும் உயர்ந்தும் கேட்டது. வார்த்தைகள் புரியவில்லை. ஒருமுறை சிரித்தது போலவும் இருந்தது. நான் ஹாலில் எழுந்து நின்றுகொண்டிருந்தேன். பேச வேண்டி வந்தால் முதலில் என்ன சொல்வது என்று மனதில் அடுக்கிப் பார்த்தேன்.

கதவு திறந்தது. அவர் ஃபோனை என்னிடம் நீட்டினார். பேச்சு முடிந்து திரை இருண்டிருந்தது.

“ஒனக்ககிட்ட குடுக்கட்டான்னு கேட்டேன் மக்கா” என்றார். “வேண்டாம்னு சொல்லிட்டா.”